கிங் பின்னுக்குப் பிளாஸ்டிக் தட்டு தேவையா?

ட்ரெய்லர் லாரி ஏற்காடு ஏறாது. சேலத்திலிருந்து மேலே போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் திரும்புவதற்கே எதிரே வரும் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். ஏற்காட்டில் பாக்சைட் வெட்டி மேட்டூர் மால்கோ ஆலைக்கு அனுப்பிய காலத்திலும் அதை இறக்கியவை லாரிகள்தான், ட்ரெய்லர்கள் அல்ல. ஆனால் மலையை விட்டு அடிவாரத்தைப் பார்த்தால் கதை வேறு. சேர்வராயன் மலைக்கு மேற்கே தொப்பூர் கணவாய், கிழக்கே மஞ்சவாடி கணவாய். தெற்கே சங்ககிரியும் நாமக்கல்லும், அதாவது லாரியை நம்பியே வாழும் ஊர்கள். இரும்புச் சுருள், சிமென்ட், சமையல் எரிவாயு என்று கனமான சரக்கு நிறைய இந்த மலையைச் சுற்றித்தான் போகிறது. அந்த ட்ரெய்லர்கள் ஒவ்வொன்றிலும் முன்வண்டியும் பின்வண்டியும் சேரும் இடத்தில் என்ன பூசுவது, எதை வைப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

அமைப்பு எளிமையானது. முன்வண்டியின் முதுகில் ‘பிப்த் வீல்’ எனப்படும் கனத்த இரும்புத் தட்டு. அதன் பின்பக்கம் திறந்த ஒரு வாய், உள்ளே பூட்டிக்கொள்ளும் தாடை. பின்வண்டியின் அடியிலிருந்து கிங் பின் என்ற இரும்பு முளை கீழே நீட்டிக்கொண்டிருக்கும். திரிகையைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல என்று வைத்துக்கொள்ளலாம்: முளை மேல்கல்லில், குழி கீழ்க்கல்லில், இரண்டுக்கும் நடுவே டன் கணக்கில் பாரம். வளைவில் வண்டி திரும்பும்போதெல்லாம் இரும்பு இரும்பின் மேல் அரைகிறது. உலர்ந்த நிலையில் இந்த உராய்வு, கிரீஸ் பூசிய நிலையில் இருப்பதைப்போல நான்கைந்து மடங்கு. அப்போது முன்வண்டி திரும்ப நினைத்தாலும் பின்வண்டி விடாது. ஸ்டியரிங் கனக்கும், முன் டயர் பக்கவாட்டில் தேயும். மழை பெய்த கணவாய்ச் சாலையில் முன்சக்கரம் திரும்பியும் வண்டி நேராகவே தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். தொப்பூர் இறக்கத்தில் தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் லாரிகள் கட்டுப்பாடு இழப்பதற்கு பிரேக்கும் வேகமும்தான் முதல் காரணங்கள். அந்த நேரத்தில் ஸ்டியரிங்காவது சொன்னபடி கேட்க வேண்டாமா?

இதற்கு நம் பட்டறைகளின் விடை கிரீஸ். விலை மலிவு, எங்கும் கிடைக்கும், எந்தக் கிளீனருக்கும் பூசத் தெரியும். லித்தியம் கிரீஸில் மாலிப்டினம் கலந்த வகை, அழுத்தம் கூடினாலும் எளிதில் பிதுங்கி வெளியேறாது. தகடு முழுக்கப் பரவும், பின்னின் கழுத்திலும் தாடையிலும் நுழையும். கிரீஸ் வீணாய்ப் போனது என்பதை வெளியே வழியும் கறுப்பைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இத்தனை நல்லகுணம் ஒரே பொருளுக்கு இருப்பது அபூர்வம்.

குறையும் அதே அளவு உண்டு. கிரீஸ் ஒட்டும், ஒட்டுவது எதையும் விடாது. சேலத்துக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே வெள்ளைக்கல் சுரங்கப் பகுதி இருக்கிறது. பக்கத்து ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். அந்தப் பக்கம் ஓடிய வண்டியின் சேஸ் வெளுத்துக் கிடக்கும். மேக்னசைட் தூள் மென்மையானது, அது பெரிய ஆபத்தில்லை. அதோடு சேர்ந்து வரும் சாலை மண்ணில் குவார்ட்ஸ் துகள் இருக்கிறது. அது தகட்டு இரும்பைவிடக் கடினம். கிரீஸில் சிக்கிய அந்தத் துகள், உராய்வைக் குறைக்க வந்த பொருளையே அரைக்கும் பொருளாக மாற்றிவிடுகிறது. எனவே பழைய கிரீஸை வழித்துத் துடைக்காமல் அதன்மேலேயே புதிதைப் பூசுவது, பூசாமல் விடுவதைவிட ஒன்றும் பெரிதாக நல்லதில்லை. வழிந்த கிரீஸ் மழையில் சாலையோரம் போய்ச் சேர்வது தனிக் கணக்கு.

பிளாஸ்டிக் தட்டு இந்த இடத்தில்தான் ஆசை காட்டுகிறது. அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் பிப்த் வீலை வைத்து, வீடு போன்ற உல்லாச ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களுக்காக வந்த பொருள் இது. 10 அல்லது 12 அங்குல வட்டம், நடுவே ஓட்டை, 5 மில்லிமீட்டரோ 10 மில்லிமீட்டரோ கனம். கிங் பின்னில் மாட்டிவிட்டால் இரண்டு இரும்புக்கும் நடுவே அது உட்கார்ந்துகொள்ளும். கையில் கறை இல்லை, சட்டையில் கறை இல்லை, மண் ஒட்டுவதும் குறைவு. சனிக்கிழமை முகாமிட்டு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழற்றும் குடும்பத்துக்கு இது வரம்தான். அவர்கள் அதைப் பாராட்டுவதில் மிகை எதுவும் இல்லை.

அதே தட்டை நம் ட்ரெய்லருக்கு வாங்கலாமா என்றால், முதலில் பாரத்தைக் கணக்குப் போட வேண்டும். 5 டன் உல்லாச ட்ரெய்லரில் ஐந்தில் ஒரு பங்கு பின்னில் இறங்கினால் 1 டன். 10 அங்குலத் தட்டின் பரப்பு, ஓட்டையைக் கழித்து, ஏறத்தாழ 490 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ. இங்கே 2018 ஜூலை அறிவிப்புக்குப் பின் ட்ரெய்லரின் மொத்த எடை 55 டன் வரை போகலாம். முன்வண்டியின் அச்சுகள் 28 டன் சுமக்க, அதன் சொந்த எடை 9, 10 டன்னைக் கழித்தால், கிங் பின் தலையில் 18 டன் உட்கார்கிறது. அதே தட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 36 கிலோவுக்கு மேல். நின்ற இடத்தில் நல்ல பாலிஎத்திலீன் இதைத் தாங்கிவிடும். ஆனால் இறக்கத்தில் பிரேக் அடிக்கும்போது பாரம் முன்னே சாய்ந்து தட்டின் ஒரு விளிம்பில் குவிகிறது, சூடும் சேர்கிறது. இந்தப் பிளாஸ்டிக்கைத் தொடர்ந்து பயன்படுத்த 80 டிகிரிக்குள்தான் எல்லை. ஏப்ரல், மே மாதச் சேலத்து வெயிலில் 40 டிகிரியில் கிளம்பி, அதன்மேல் உராய்வுச் சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். பிளாஸ்டிக் உடையாது, மெதுவாக நசுங்கிப் பிதுங்கும். நைலான் வகை சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சி ஊதும். மழைக்காலக் கணவாய்க்கு அதுவும் பொருந்தவில்லை.

அடுத்து பரப்பு. பிப்த் வீல் தகடு அகலமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: பின்வண்டி ஒருபக்கம் சாயப் பார்த்தால் தகட்டின் ஓரம் அதைத் தாங்க வேண்டும். நடுவில் சிறு வட்டத்தை வைத்து வண்டியைத் தூக்கி நிறுத்தினால் ஓரங்கள் காற்றில் நிற்கும். உயரமான எரிவாயு புல்லட் டேங்கருக்கு வளைவில் வேண்டிய முதல் துணையே அந்த ஓரத் தாங்கல்தான். இதை மறந்து உராய்வை மட்டும் பேசுவது பாதிக் கணக்கு.

கனம்தான் இதில் மோசமானது. வழக்கமான 2 அங்குல கிங் பின் பின்வண்டித் தகட்டிலிருந்து 84 மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது. அதில் தாடை கவ்வ வேண்டிய கழுத்துப் பகுதி 35 மில்லிமீட்டர் உயரம் மட்டுமே. நடுவே 10 மில்லிமீட்டர் தட்டைச் செருகினால் பின் அவ்வளவும் மேலே எழும். தாடை கழுத்தில் உட்காராமல் கீழ்விளிம்பில் முட்டும், அல்லது அரைகுறையாகப் பூட்டும். வெளியே இருந்து பார்த்தால் பூட்டியது போலவே தெரியும். தட்டு வாங்கித்தான் தீருவேன் என்பவர் மெல்லிய வகையைத்தான் எடுக்க வேண்டும். பிப்த் வீல் தயாரிப்பாளர் எவ்வளவு கனம் அனுமதிக்கிறார் என்று படித்துப் பார்த்த பிறகே எடுக்க வேண்டும். இன்னொன்று: தட்டு காப்பது மேல்பரப்பை மட்டும்தான். தாடையும் பின்னின் கழுத்தும் உலர்ந்தே கிடக்கும். அங்கே கிரீஸ் வைக்காமல் முடியாது. ஆகவே கிரீஸே வேண்டாம் என்ற விளம்பரம் பாதிப் பொய்.

இத்தனை சொன்ன பிறகும் என் மறுப்புக்கு முக்கியக் காரணம் இவை அல்ல. உல்லாசப் பயணி வாரம் ஒருமுறை வண்டியைக் கழற்றுகிறார். தட்டு கிழிந்தால், தேய்ந்தால், கண்ணில் படும். நம் ட்ரெய்லர்கள், அதிலும் எரிவாயு டேங்கர்கள், பெரும்பாலும் முன்வண்டியோடு சேர்ந்தே கிடக்கின்றன. பட்டறைக்குப் போகும்வரை யாரும் பிரிப்பதில்லை. பூட்டிய வண்டியில் மேல்தகட்டின் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. நிப்பிள் வைத்த பிப்த் வீலாக இருந்தால் கிரீஸ் கன்னால் கொஞ்சம் ஏற்றலாம், இல்லையென்றால் ஓரத்தில் தடவிவிட்டுப் போவதுதான். ஓரத்தில் பளபளக்கும் கிரீஸ் உரிமையாளருக்கு நிம்மதி தரும், நடுவே உலர்ந்த தகட்டுக்கு ஒன்றும் தராது. ஆக, நம் குறை கறைபடிந்த கை அல்ல. பிரித்துப் பார்க்காத பழக்கம். முன்பு வழியும் கிரீஸாவது ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பழக்கத்தோடு பிளாஸ்டிக் தட்டும் சேர்ந்தால், இனி அதுவும் இருக்காது.

இந்த இணைப்பு என்ன சுமக்கிறது என்பதை 2025 ஜனவரி 3 அதிகாலை கோவை பார்த்தது. கொச்சியிலிருந்து 18 டன் சமையல் எரிவாயுவோடு வந்த டேங்கர், அவினாசி சாலை மேம்பாலத்தில் திரும்பும்போது முன்வண்டியிலிருந்து கழன்று கவிழ்ந்தது. வாயு கசிந்தது, சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், நாள் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். அதைக் கிரீஸ் தலையில் கட்ட நான் வரவில்லை. வேகமான சாலையில் அல்ல, ஒரு திருப்பத்தில் அது நடந்தது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். அடிவாரக் கணவாய்கள் முழுக்கத் திருப்பங்கள்தான்.

கிரீஸைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கம் சரியானது. அதற்கு வழியும் இருக்கிறது. யோஸ்ட், சாஃப்-ஹாலண்ட் போன்ற நிறுவனங்கள் தகட்டின் மேலேயே மாற்றக்கூடிய லைனர் பதித்த பிப்த் வீல்களைச் செய்கின்றன. இவற்றில் லைனர் அகலத் தகட்டோடு பொருந்தியே வருவதால் ஓரத் தாங்கல் கெடுவதில்லை, உயரமும் முன்பே கணக்கில் இருக்கிறது. யோஸ்ட்டுக்கு ஜாம்ஷெட்பூரில் தொழிற்சாலையே உண்டு, ஆகவே இது எட்டாத பொருளும் அல்ல. விலை கூடும். புது வண்டி வாங்குபவர், அதிலும் டேங்கர் வாங்குபவர், அந்தக் கூடுதல் செலவைச் செய்யலாம் என்பது என் கருத்து. பழைய தகட்டின் மேல் தனித் தட்டைச் செருகுவதை மட்டும் ஏற்க முடியாது.

ஏற்கெனவே ஓடும் வண்டிக்கு கிரீஸே போதும், துடைத்துப் பூசினால். ட்ரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்கு முன் வண்டியைப் பிரித்து, பழைய கிரீஸை முழுக்க வழித்துவிட்டு, கிங் பின்னின் கழுத்தை அளக்கச் சொல்லுங்கள். புதிதில் அது 50.8 மில்லிமீட்டர். 49க்கு வந்திருந்தால் எந்தக் கிரீஸும் எந்தத் தட்டும் உதவாது, பின்னை மாற்றிவிடுங்கள்.