ரெயிலரியமும் நடைமுறையும்: ஒரு விமர்சனக் குறிப்பு

கோட்பாடொன்றினை வழுவாது கைக்கொள்ளின் தொழிற் செயன்முறையின் விளைதிறன் உயரும் என வாதிடுவோர், பிரெடெரிக் ரெயிலர் 1911இல் வெளியிட்ட விஞ்ஞான முகாமைத்துவ நூலையே பெரும்பாலும் சான்று காட்டுவர். பெத்லகேம் உருக்காலையில் 1899இல் இரும்புப் பாளம் ஏற்றிய வேலையே அந்நூலின் புகழ்பெற்ற உதாரணம். நாளொன்றுக்கு 12½ தொன் ஏற்றிய தொழிலாளி, புதிய முறையின்படி பணிக்கப்பட்டபோது 47½ தொன் ஏற்றினானாம். அவன் கூலியோ 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராகவே உயர்ந்தது.

இச்சுரண்டலை நம்மவர் பலரும் கண்டித்துள்ளனர். ஆயினும் அவ்விலக்கத்தின் பிறப்பினை ஆராய்ந்தோர் சிலரே. 92 இறாத்தற் பாளத்தைச் சுமப்பவன் நாளில் நூற்றுக்கு 43 பங்கு நேரமே சுமையுடனிருக்கலாம், எஞ்சிய 57 பங்கும் சுமையின்றியிருத்தல் வேண்டும் என்பது ரெயிலர் கூறும் 'விதி'. றேக், பெரோனி ஆகிய இருவரும் 1974இல் மூல ஆவணங்களைப் பரிசோதித்து வெளிப்படுத்திய செய்தி வேறு. வலிமை மிக்க பத்துப்பேர் 14 நிமிடங்களில் விரைந்து ஏற்றிய அளவினை முழுநாளுக்கும் பெருக்கி, ஓய்வுக்கும் தாமதத்துக்குமென நூற்றுக்கு 40 கழித்தே நாளளவு வகுக்கப்பட்டது. அந்த 40க்கு எவ்விதக் கணிப்பும் ஆதாரமாக இல்லை. விதி பின்னரே வந்து சேர்ந்தது.

எனவே இங்கு முரணின்றிப் பிரயோகிக்கப்பட்ட கோட்பாடு எது என நாம் வினவ வேண்டியுள்ளது. முப்பத்தைந்து தொழிலகங்களை ஆராய்ந்து றொபேட் ஹொக்சி 1915இல் வெளியிட்ட அறிக்கை, ரெயிலரின் முறை முழுமையாக நிலவிய தொழிலகம் ஒன்றையேனும் காணவில்லை. ரெயிலரின் ஆதரவாளருக்கு இது வசதியான புகலிடம்: விளைவு நன்றெனின் கோட்பாட்டின் வெற்றி, தீதெனின் பிரயோகத்தின் குறை! உண்மையிற் குறை பிரயோகத்தில் மட்டுமன்று. ஓய்வுக்கு எவ்வளவு கழிப்பது என்பதை நிறுத்தற்கடிகாரம் சொல்லாது. அதனைக் கையில் வைத்திருப்பவனே சொல்கிறான். வாட்டர்ரவுண் படைக்கலச்சாலையின் வார்ப்புத் தொழிலாளர் 1911 ஆகஸ்டில் வேலையை நிறுத்தியது அக்கடிகாரத்தின் பொருட்டே.

றேக்கும் பெரோனியும் எழுதிய அதே 1974இல் ஹரி பிறேவமனின் நூலும் வெளிவந்தது. சிந்தனையும் செயலும் வேறாக்கப்படுவதை அது வலுவுடன் விளக்கியது. அவ்வகையில் அதற்கு நாம் கடன்பட்டுள்ளோம். எனினும் பிறேவமனும் ரெயிலரின் பக்கங்களையே தொழிற்சாலையாகக் கொண்டார். துண்டுக்கூலித் தொழிலாளர் அளவுகளோடு எவ்வாறு விளையாடினர், எங்கு உற்பத்தியைக் கட்டுப்படுத்தினர் என்பதை அறிய, 1979இல் புறவோய் இயந்திரத் தொழிலகத்தினுள் நின்று எழுதிய நூலை நாம் நாட வேண்டியுள்ளது.