ஏலத்திற்கு வந்த தெய்வங்கள்: தொல்பொருட் சந்தையும் ஆய்வாளர் பொறுப்பும்

கண்டி இராச்சியம் 1815 ஆம் ஆண்டிலே பிரித்தானியர் வசமாயிற்று. ஐந்தாண்டுகள் கழித்து, 1820 யூன் மாதத்தில், அவ்விராச்சியத்தின் அரச அணிகலன்கள் இலண்டன் மாநகரில் அச்சிட்ட பட்டியலோடு ஏலத்தில் விற்கப்பட்டன. முதலாவது நிகழ்ச்சி நமது பாடநூல்கள் அனைத்திலும் இடம்பெற்றுள்ளது. இரண்டாவது நிகழ்ச்சியோ அறிஞர் சிலரின் அடிக்குறிப்புகளில் மட்டும் வாழ்கின்றது. ஆயினும், ஓர் அரசு வீழ்த்தப்படுவதற்கும் அதன் சின்னங்கள் விலைப்பொருள்களாவதற்கும் இடையே நிலவும் தொடர்பு தற்செயலானதன்று. அத்தொடர்பை ஆராய்வதும், அதில் நம்போன்ற ஆய்வாளர்க்குள்ள பங்கினை மதிப்பிடுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

ஏலத்தை வெறும் வணிக நிகழ்ச்சியாகக் கொள்வது பிழை. அதற்கு முன்னதாக வெளியிடப்படும் பட்டியல் ஓர் இலக்கிய வகையாகும். அதற்கெனச் சொல்லாட்சியும் மரபும் உண்டு, மௌனங்களும் உண்டு. பொருளின் உயரம், உலோகம், நூற்றாண்டு, பாணி ஆகியன நுட்பமாகக் கூறப்படும். பின்னர் உடைமை வரலாறு வரும். தனியார் சேகரிப்பு ஒன்றிலிருந்து இன்ன ஆண்டிற்கு முன் பெறப்பட்டது என்பதே பெரும்பாலும் அதன் வடிவம். 'பெறப்பட்டது' என்னும் செயப்பாட்டுவினை இங்கு ஆற்றும் பணி கவனத்திற்குரியது. யாரிடமிருந்து, யாரால், எவ்வாறு பெறப்பட்டது என்ற வினாக்கள் மூன்றும் அவ்வொரு சொல்லினுள் அடங்கி மறைந்துவிடுகின்றன.

இதனோடு ஒப்பிடத்தக்க பழைய பட்டியல் ஒன்று தமிழில் உண்டு. தஞ்சைப் பெரியகோயிலில் முதலாம் இராசராசன் காலத்திற் பொறிக்கப்பட்ட சாசனங்கள், அவனும் அவன் தமக்கை குந்தவையும் அரசியரும் அதிகாரிகளும் அளித்த செப்புத் திருமேனிகளை ஒவ்வொன்றாக விவரிக்கின்றன. முழத்தாலும் விரலாலும் உயரம் அளக்கப்படுகின்றது, கைகள் எண்ணப்படுகின்றன, பொன் நிறுக்கப்படுகின்றது. நிறுத்த கல்லுக்கே ஆடவல்லான் என்று பெயர். அளவிடும் ஆர்வத்தில் சோழச் சாசனம் இலண்டன் பட்டியலுக்குச் சற்றும் குறைந்ததன்று.

வேறுபாடு யாதெனில், சாசனத்திலே திருமேனி தனித்து நிற்பதில்லை. நெல் அளக்கும் ஊர், விளக்கெரிக்கும் ஏற்பாடு, பணிசெய்வோர் பெறும் பங்கு ஆகியவற்றோடு அது பிணைக்கப்பட்டிருக்கின்றது. அப்பிணைப்புச் சமத்துவமானதன்று என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கோயில் பெருநிலவுடைமை நிறுவனமாக விளங்கியது. கொடுத்தவர் பெயர் கல்லில் நிலைபெற, வார்த்த கம்மியர் பெயர் பெரும்பாலும் மறைந்தது. எனினும், சுரண்டலை உள்ளடக்கிய அச்சமூக உறவுகளேனும் அங்கு வெளிப்படையாகப் பதிவாகியுள்ளன. ஏலப்பட்டியலோ எல்லா உறவுகளையும் அறுத்தெறிந்து, பொருளைத் தானே பெறுமதி உடையதாகக் காட்டுகின்றது. மனிதருக்கிடையிலான உறவு பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோன்றும் நிலையைப் பண்டவழிபாடு என மார்க்ஸ் விளக்கினார். வழிபடுபொருளே பண்டமாகும்போது அவ்விளக்கம் இருமடங்கு பொருந்துகின்றது.

2

அண்மைய நிகழ்ச்சியொன்று இதனைத் துலக்கமாகக் காட்டும். வட இந்தியாவின் பிப்ராவா என்னுமிடத்தில் 1898 ஆம் ஆண்டு பண்ணை நிருவாகியான வில்லியம் கிளாக்ஸ்ரன் பெப்பே என்னும் ஆங்கிலேயர் தூபியொன்றை அகழ்வித்தார். புத்தருடையன எனக் கருதப்படும் எலும்புத் துண்டுகளும், அவற்றோடு இடப்பட்ட மணிகளும் பொன்னிதழ்களும் வெளிப்பட்டன. எலும்புகள் சியாம் மன்னருக்கு வழங்கப்பட்டு, அவர்வழியாக இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் பௌத்தர்க்கும் பகிரப்பட்டன. மணிகளிற் பெரும்பகுதி கல்கத்தா அரும்பொருட் காட்சிச்சாலைக்குச் சென்றது; ஒரு பகுதி பெப்பே குடும்பத்திடமே விடப்பட்டது.

இப்பங்கீட்டின் தருக்கத்தை நோக்குக. பரிமாற்றப் பெறுமதியற்ற எலும்பு நம்பிக்கையாளருக்கு. பரிமாற்றப் பெறுமதியுடைய மணி அரசுக்கும் பண்ணை நிருவாகிக்கும். இடித்துத் தோண்டிய கூலியாளருக்கோ இப்பங்கீட்டில் இடமேயில்லை. குடும்பத்தார் வசமிருந்த பகுதி 2025 மே மாதத்தில் சொதபீஸ் நிறுவனத்தால் ஹொங்கொங் நகரில் ஏலத்திற்கு வரவிருந்தது. இந்திய அரசின் எதிர்ப்பினால் ஏலம் ஒத்திவைக்கப்பட்டது. அவ்வாண்டு யூலையில் மணிகள் இந்தியாவுக்குத் திரும்பின. ஆயின், இந்தியப் பெருமுதலாளிக் குழுமமொன்று அவற்றை வாங்கியதன் மூலமே அது கைகூடியது. மீட்சியுங்கூட விற்பனை வடிவத்திலேயே நிகழ வேண்டியிருந்தமை நமது காலத்தின் முரண்பாட்டைக் காட்டுகின்றது.

3

இச்சந்தையின் வளர்ச்சியிலே புலமையின் பங்கு யாது? இவ்வினாவை எழுப்பும்போது நம்மவரான ஆனந்த குமாரசுவாமியைத் தவிர்த்துச் செல்ல இயலாது. அவர் 1908 இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூல் பெரிதும் கண்டிப் பிரதேசத்துக் கைவினைஞரைப் பற்றியதாகும். வில்லியம் மொறிஸின் செல்வாக்கிற்கு உட்பட்டிருந்த அவர், அவருடைய அச்சியந்திரத்திலேயே அதனை அச்சிட்டார். கலைப்பொருளுக்கு முன்னதாகக் கலைஞனையும், அவன் அனுபவித்த சேவைக்காணியையும், ஆற்றிய இராசகாரியத்தையும் அந்நூல் விவரிக்கின்றது. உற்பத்தி உறவுகளைக் கலையாராய்ச்சியின் அடித்தளமாகக் கொண்ட நூல் அக்காலத்தில் இந்நாட்டிற் பிறிதொன்று இருந்ததாக நாம் அறியோம்.

சில ஆண்டுகளில் அவர் நோக்கு மாறியது. நடராச வடிவம் பற்றிய அவரது புகழ்பெற்ற கட்டுரையிலே, வார்த்தவனும் காணியும் பின்தள்ளப்பட்டு, காலங்கடந்த தத்துவமொன்று முன்னிலை பெறுகின்றது. குடியேற்ற ஆட்சியின் இழிவுரைகளுக்கு அது தக்க மறுமொழியாக அமைந்தமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், இடத்தையும் காலத்தையும் இழந்த தத்துவச் சின்னம் எந்த மண்டபத்திலும் நிற்கலாம். நிலத்தோடு பிணைந்த ஊர்த்தெய்வம் அவ்வாறு நிற்கவியலாது. 1917 இல் அவர் பொஸ்ரன் நுண்கலை அரும்பொருளகத்திற் சேர்ந்தார். அவர் சேகரிப்பும் அங்கே இடம்பெற்றது. அவர் நேர்மையில் நமக்கு ஐயமில்லை. நாம் சுட்ட விரும்புவது கருத்துமுதல்வாத விளக்கம் சந்தைக்குத் தன்னையறியாமலே செய்த சேவையையே.

4

சந்தையின் மறுமுனையிலே நிற்பவர் யார் என்பதற்குப் பத்தூர் நடராசர் வழக்குச் சான்றாகும். தஞ்சை மாவட்டத்துப் பத்தூரிற் பாழடைந்த கோயிலின் அருகே 1976 இல் ஓர் ஏழைக் கூலியாளர் நிலத்தைத் தோண்டியபோது செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவர் சிறுதொகைக்கு விற்ற நடராசர் தரகர் பலர் கைமாறி இலண்டனை அடைந்தது. 1982 இல் கனடா நாட்டு நிறுவனமொன்று அதனை 2,50,000 பவுணுக்கு வாங்கியது. பழுதுபார்ப்பதற்காகப் பிரித்தானிய அரும்பொருளகத்தில் இருந்தபோது இலண்டன் காவற்றுறையினர் அதனைக் கைப்பற்றினர். கோயிலையே சட்டத்தின்படி வழக்காடத்தக்க நபராக ஏற்று ஆங்கில நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேன்முறையீடு 1991 இல் தள்ளுபடியாக, நடராசர் தமிழகம் மீண்டார்.

இவ்வழக்கைப் பக்தியின் வெற்றியாகப் பலர் கொண்டாடினர். நமக்கோ அந்தக் கூலியாளரே முக்கியமானவர். நிலமற்றவர் நிலத்திற் கண்டதை விற்றபோது அது திருட்டு. அதே பொருளைக் கண்ணாடிப் பேழையில் வைத்திருப்பது இரசனை. திருட்டை அடிமட்டத்தில் மட்டும் தேடும் நீதி, கேள்வியை உருவாக்கும் மேல்மட்டத்தைக் காண மறுக்கின்றது. வாங்குவோர் இல்லையேல் தோண்டுவோரும் இல்லை.

சேகரிப்பாளர் தரப்பில் ஒரு வாதம் உண்டு: காவலற்ற கோயிலில் அழிந்திருக்கக்கூடியதைத் தாமே காப்பாற்றினோம் என்பது. இதில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. நமது கோயில்கள் பல கவனிப்பாரற்றுக் கிடந்தன. உள்ளூர்ச் சாதியமைப்பும் அறங்காவலர் அலட்சியமும் அதற்குக் காரணங்களாயின. ஆனால் காப்பு வேறு, உடைமை வேறு. திருகோணமலையிற் கோணேசர் கோயிலுக்கு அண்மையில் 1950 இல் கிணறு தோண்டியபோது கிடைத்த செப்புத் திருமேனிகள் மீண்டும் வழிபாட்டிற் சேர்க்கப்பட்டன. மண்ணும் மக்களுமே அவற்றைக் காத்தனர், ஏலமேடை காக்கவில்லை.

5

பொருள்கள் திரும்புதல் மட்டும் போதுமா? கண்டி அரசரின் சிம்மாசனம் 1934 இல் இங்கிலாந்திலிருந்து மீண்டது. 1765 இல் ஒல்லாந்தர் கண்டியிற் கவர்ந்த லெவ்கே பீரங்கி உட்பட ஆறு பொருள்கள் 2023 இல் நெதர்லாந்திலிருந்து திரும்பிக் கொழும்பு தேசிய நூதனசாலையை அடைந்தன. மகிழத்தக்க செய்திகளே. ஆயினும், 1765 இலும் 1815 இலும் ஆட்சியிலிருந்த கண்டி மன்னர் தென்னிந்திய நாயக்க மரபினர் என்பதையும், 1815 ஒப்பந்தத்திற் பிரதானிகள் சிலர் தமிழெழுத்தில் ஒப்பமிட்டனர் என்பதையும் மறந்து, மீண்ட பொருள்களை ஓரினத்தின் வெற்றிச் சின்னங்களாக்கினால், ஏலப்பட்டியல் செய்த அதே வேலையை நாமும் செய்தவர்களாவோம். அதாவது, பொருளை அதன் வரலாற்றிலிருந்து பிரித்தெடுப்போம். தமிழர் இதே குறுகிய நோக்கில் சோழப் படிமங்களைப் போற்றுவதும் இதற்கு விலக்கன்று.

திருகோணமலைக்கும் மட்டக்களப்பிற்கும் இடைப்பட்ட பகுதியிற் கிடைத்ததாகப் பதிவாகியுள்ள தாரை படிமம், தேசாதிபதி பிறவுண்றிக் 1830 இல் அளித்த நாள் முதல் பிரித்தானிய அரும்பொருளகத்தில் உள்ளது. கீழ்மாகாணத்தின் மகாயான பௌத்த வரலாற்றுக்கு அது தலையாய சான்று. அதனைச் சிங்களவருடையதா தமிழருடையதா என வினவுவதற்கு முன், அவ்விரு பெயர்களும் இன்றைய பொருளில் வழங்காத ஒரு காலத்தின் படைப்பு அது என உணர்தல் வேண்டும்.

எனவே ஆய்வாளர்முன் உள்ள கடமை தெளிவானது. கலாநிதி பி. எச். டி. எச். டி சில்வா 1975 இல் வெளியிட்ட, வெளிநாடுகளிலுள்ள இலங்கைத் தொல்பொருள்களின் அட்டவணை, ஏலப்பட்டியலுக்கு எழுதப்பட்ட மறுபட்டியலாகும். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தானிலிருந்து களவாடப்பட்டு, 2008 இல் அவுஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்தால் வாங்கப்பட்ட நடராசர் 2014 இல் மீண்டதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய ஒளிப்படங்களே பெருந்துணை புரிந்தன. யாரோ ஓர் ஆய்வாளர் சிற்றூர் ஒன்றிற்குச் சென்று எடுத்த படம் கோடிக்கணக்கான பணத்தை வென்றது. மறுபுறத்தில், 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அழிந்த சுவடிகளுட் பலவற்றுக்குப் படியேதும் எஞ்சவில்லை.

நமது ஊர்க் கோயில்களிலும் விகாரைகளிலும் பள்ளிவாசல்களிலும் பழைய வீடுகளிலும் உள்ள படிமங்களையும் ஏடுகளையும், அவற்றைச் செய்தோரும் பேணியோரும் யார் என்ற குறிப்போடு பதிவுசெய்தல் வேண்டும். உடைமை வரலாறு தெளிவற்ற பொருளுக்குக் காலமும் பாணியும் குறித்துச் சான்றுரை வழங்க மறுத்தல் வேண்டும். அச்சான்றுரையே சந்தையில் விலையாக மாறுகின்றது. 1820 இல் கண்டியின் அணிகலன்கள் விற்பனைக்கு வந்தபோது அவற்றுக்குப் பட்டியல் எழுதியவர்கள் விற்போரின் ஆட்கள். இனிவரும் பட்டியல்களை மக்கள் சார்பில் எழுதும் பொறுப்பு நம்முடையது.