எழுத்தைக் கலைத்துச் சொல் தேடுவோர்

லிசன், சைலன்ட், என்லிஸ்ட், டின்சல், இன்லெட்ஸ். தமிழில் எழுதிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத ஐந்து சொற்கள். ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்துக்கும் அதே ஆறு எழுத்துகள்தாம்: இ, ஐ, எல், என், எஸ், டி. லிசன் என்று சொல்லும்போது டி ஒலிப்பதே இல்லை. ஆனாலும் எழுத்துக் கணக்கில் அதற்கு முழு இடம் உண்டு. கொடுத்த எழுத்துகளிலிருந்து ஆங்கிலச் சொல் கண்டுபிடிப்பது கண்ணின் கலை. காதுக்கு அதில் வேலை குறைவு. பொருளுக்காவது வேலை உண்டா?

இந்தக் கலையை உலகெங்கும் வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது, எழுத்துக்கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல்லாக்கும் ஸ்கிராபிள் ஆட்டம். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், நாளிதழ்ப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி எண்ணி அதை உருவாக்கினார். 100 கட்டைகளில் இ மட்டும் 12. க்யூவும் இசட்டும் ஒவ்வொன்றே, மதிப்பு 10 புள்ளி. எங்கும் ஒட்டிக்கொள்ளும் எஸ்ஸுக்கு நான்கே கட்டைகள். பன்மையாக்கிப் புள்ளி சேர்ப்பது அத்தனை சுலபம். நியூயார்க் டைம்ஸின் ‘ஸ்பெல்லிங் பீ’ புதிர் தன் ஏழு எழுத்துகளில் எஸ்ஸுக்கு இடமே தருவதில்லை.

இந்தப் பயிற்சியின் பெரிய பலன், சொல்லின் மூட்டுகள் கண்ணில் படத் தொடங்குவது. கையில் உள்ள ஏழு கட்டைகளில் ஐ, என், ஜி இருந்தால் நல்ல ஆட்டக்காரர் அவற்றை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு மீதி நான்கில் வினையைத் தேடுவார். முன்னால் ஆர்-இ, யு-என் சேருமா, பின்னால் இ-ஆர், இ-டி நிற்குமா என்று பார்ப்பார். நன்னூல் வழியில் பகுதி, விகுதி என்று பதத்தைப் பிரித்துப் பழகிய நமக்கு இது அந்நியமான வேலை இல்லை. ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்கு இலக்கணப் பாடம் மெதுவாகத் தருவதை ஏழு கட்டைகள் விரைவில் தந்துவிடும். இதை நான் குறைத்து மதிப்பிடவே மாட்டேன்.

போட்டிக்களத்துக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி மனப்பாடம் செய்கிறார்கள். எஸ், ஏ, டி, ஐ, என், இ என்ற ஆறோடு ஆர் சேர்ந்தால் நாஸ்டியர், ரீடெய்ன்ஸ், ரெட்டினாஸ், ஸ்டெய்னர். ஆருக்குப் பதில் ஆங்கில அகரவரிசையின் நான்காம் எழுத்து வந்தால் இன்ஸ்டெட், டிடெய்ன்ஸ், ஸ்டெயின்ட். ஏழையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல் என்பதால் இப்படிப்பட்ட அடித்தொகுப்புகளை நூற்றுக்கணக்கில் நினைவில் ஏற்றுகிறார்கள். ரெட்டினா கண்ணின் விழித்திரை என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் எங்கும் இல்லை.

இதன் உச்சம் நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ். ஆங்கில ஸ்கிராபிளில் பலமுறை உலகப் பட்டம் வென்றவர், 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தையும் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சில வாரங்களில் சொற்பட்டியலை மனத்தில் ஏற்றிக்கொண்டு போனார். 2024இல் ஸ்பானிய மொழிப் பட்டமும் அவருக்கே. மனித நினைவாற்றலின் அரிய சாதனை இது, தலைவணங்குகிறேன். ஆனால் ஒரு மொழியை அறியாமலே அம்மொழியின் சொல்லாட்டத்தில் முதல்வராக முடியும் என்றால், அந்த ஆட்டம் அளப்பது மொழியறிவை அல்ல என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

சொல்லுக்கும் பொருளுக்குமான இந்தப் பிளவு வெறும் தத்துவச் சிக்கலாக நின்றுவிடவில்லை. 2020இல் அமெரிக்காவில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் பிடியில் கொல்லப்பட்ட பின், வட அமெரிக்க ஸ்கிராபிள் ஆட்டக்காரர் சங்கம் இனத்தையும் பிறப்பையும் இழிவுசெய்யும் சொற்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. எதிர்த்த ஆட்டக்காரர்கள் சொன்ன வாதம் கவனிக்கத்தக்கது: பலகையில் சொற்களுக்குப் பொருள் கிடையாது, அவை புள்ளி தரும் எழுத்துச் சேர்க்கைகள் மட்டுமே. ஆட்டத்தின் தருக்கப்படி அது நேர்மையான வாதம். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்தச் சொல்லால் காயப்பட்ட சமூகத்தவராக இருந்தால், கட்டை என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்த முடியாது. நீக்கியது சரி என்பதே என் முடிவு. பொருளை வெளியே நிறுத்திக் கதவடைத்தாலும் அது உள்ளே வந்துவிடுகிறது.

இப்போது சொல் தேடித்தரும் செயலிகள் இருக்கின்றன. அவற்றின் சூத்திரம் எளியது: அகராதியின் ஒவ்வொரு சொல்லையும் எழுத்து வரிசைப்படி அடுக்கிவைத்தால், ஒரே அடுக்குள்ளவை ஒன்றாகச் சேர்ந்துவிடும். கேட்ட கணத்தில் பட்டியல் வந்து விழும். ஆட்டம் முடிந்தபின் எதைத் தவறவிட்டோம் என்று பார்க்க அது நல்ல துணை. ஆட்டத்தின் நடுவே திறந்தால், மூட்டுகளைத் தேடும் அந்த உழைப்பு போய்விடும். இந்தக் கலையில் கற்பதற்கு இருந்ததே அதுதான்.

பொருளுக்கு மரியாதை தரும் வடிவம் ஒன்று பிரிட்டனில் இருக்கிறது. 1982 நவம்பர் 2 அன்று சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோது முதல் நிகழ்ச்சியாக வந்த ‘கவுன்டவுன்’, ஒரு பிரெஞ்சு நிகழ்ச்சியிலிருந்து பிறந்தது. ஒன்பது எழுத்துகள், 30 வினாடி, மிக நீளமான சொல் சொன்னவருக்குப் புள்ளி. அங்கே அகராதியோடு ஒருவர் அமர்ந்திருக்கிறார். 1992 முதல் அந்த இடத்தில் சூசி டென்ட். அரிய சொல் ஒன்று வந்தால் அது உண்டா என்று பார்ப்பதோடு நிற்காமல் என்ன பொருள் என்றும் சொல்கிறார். போட்டியாளர் பொருள் அறியாமல் சொல்லியிருக்கலாம். பார்ப்பவர் அறிந்துகொண்டுதான் எழுகிறார். எழுத்துப் புதிர்களில் நான் முதலிடம் தருவது இதற்கே.

பிள்ளைகளின் ஆங்கிலம் வளரட்டும் என்று ஸ்கிராபிள் பெட்டி வாங்கித் தரும் பெற்றோருக்கும், வகுப்பில் எழுத்துப் புதிர் போடும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பலகைக்குப் பக்கத்தில் ஓர் அகராதி இருக்கட்டும். சொல்லை வைத்த பிள்ளை அதன் பொருளைச் சொல்லட்டும், தெரியாவிட்டால் எல்லோரும் சேர்ந்து பாருங்கள், பிறகு அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். புள்ளியை அதற்கப்புறம் எழுதிக்கொள்ளலாம்.