தணிந்த குரலின் கணக்கு

கல்லூரியில் படித்த நாட்களில் பெகி லீயின் ‘ஃபீவர்’ பாட்டைக் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. விரல் சொடுக்கும் ஒலி, ஒரு பேஸ், கொஞ்சம் டிரம்ஸ், அதன்மேல் காதருகே வந்து பேசுவதுபோல் ஒரு பெண்குரல். ஆண்களுக்காகவே அளவெடுத்துத் தைத்த குரல் என்று முடிவுகட்டினேன். பெண்ணியம் புதிதாகப் படிக்கத் தொடங்கியிருந்த வயது. உரக்கப் பேசுகிறவள்தான் விடுதலை பெற்றவள் என்று நம்பியிருந்தேன். அந்தத் தீர்ப்பை மாற்றிக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. முழுவதும் மாற்றிக்கொண்டுவிட்டேன் என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

அவருடைய இயற்பெயர் நார்மா டெலோரிஸ் எக்ஸ்ட்ராம். 1920இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஜேம்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். நான்கு வயதில் தாயை இழந்தார். தந்தை ரயில்வே ஊழியர், குடிப்பழக்கம் உள்ளவர். வீட்டுக்கு வந்த சிற்றன்னை தன்னை அடித்து வளர்த்ததாக அவர் பின்னாளில் பலமுறை சொன்னார். ஃபார்கோ நகர வானொலி நிலையத்தில் பாடப் போனபோது அங்கிருந்த நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அவருக்குப் பெகி லீ என்று பெயர் வைத்தார். உலகம் அறிந்த அந்தப் பெயர்கூட ஓர் ஆண் கொடுத்தது.

குரல் மட்டும் அவரே கண்டுபிடித்தது. கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் ஒரு கேளிக்கை விடுதியில் பாடிக்கொண்டிருந்த காலம். குடித்துவிட்டுக் கூச்சலிடும் கூட்டம். அவர்களை மீறிக் கத்திப் பாட முடியாது என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினாராம். என்ன பாடுகிறாள் என்று கேட்பதற்காகக் கூட்டம் அடங்கியது. இந்தக் கதையை அவரே திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி அதற்குப் புராணக் களை வந்துவிட்டது. கதை எப்படியிருந்தாலும் இசைத்தட்டுகள் அதற்குச் சாட்சி. மைக் என்ற கருவி வந்த பிறகுதான் இப்படிப் பாடுவது சாத்தியமாயிற்று. மேடையின் கடைசி வரிசைவரை எட்ட மார்பை நிமிர்த்திப் பாட வேண்டிய கட்டாயம் போய்விட்டது. அந்த மாற்றத்தை அவரைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் சிலரே. எந்தச் சொல்லில் மூச்சை நிறுத்துவது, எந்த இடத்தில் கையை உயர்த்துவது, விளக்கு எப்போது மங்குவது என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் குறிப்பேட்டில் எழுதிவைத்து ஒத்திகை பார்த்தார். நான் குழைவு என்று நினைத்தது அவ்வளவும் கட்டுப்பாடு.

1941இல் பென்னி குட்மனின் இசைக்குழுவில் சேர்ந்தார். மறு ஆண்டு பதிவான ‘ஒய் டோன்ட் யூ டூ ரைட்’ அவரை நாடறியச் செய்தது. பணம் கொண்டுவரத் துப்பில்லாத ஆணை ஒருத்தி நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் பாட்டு. அதை முதலில் பிரபலமாக்கியவர் லில் கிரீன் என்ற கறுப்பினப் பாடகி. 1941இல் அவர் பாடிய இசைத்தட்டை பெகி லீ உடைமாற்றும் அறையில் ஓயாமல் போட்டுக் கேட்பதைப் பார்த்துத்தான் குட்மன் அந்தப் பாட்டை அவருக்குக் கொடுத்தார். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். லில் கிரீன் கேட்கும்போது வாடகை கட்ட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது தெரியும். பெகி லீயிடம் அதே கேள்வி ஒரு நாகரிகமான அலட்சியமாகிவிடுகிறது. வெள்ளையினப் பெண் பாடியதும் அது நாடு முழுவதும் விற்றது, சினிமாவுக்கும் போனது. லில் கிரீன் 1954இல் சிகாகோவில் இறந்தார். எங்கிருந்து கற்றார் என்பதை பெகி லீ மறைக்கவில்லை. ஆனால் ஒருவர் ஒளிவுமறைவின்றி இருப்பதால் மட்டும் கணக்கு நேராகிவிடுவதில்லை.

1943இல் கிதார் கலைஞர் டேவ் பார்பரை மணந்தார். மகள் பிறந்தாள். பாடுவதை விட்டுவிட்டு இல்லத்தரசியாக இருக்க முடிவெடுத்தார். பாத்திரம் கழுவிக்கொண்டே வரிகளை யோசித்ததைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் கணவரோடு சேர்ந்து எழுதிய பாடல்களில் ஒன்று ‘வாட் மோர் கேன் எ உமன் டூ’. ஆணுக்காக ஒரு பெண் இதற்கு மேல் என்னதான் செய்ய முடியும் என்று கேட்கும் சரணாகதிப் பாட்டு. 1945இல் சாரா வாகனும் அதைப் பாடினார். வரிகளை மட்டும் படித்தால் எனக்கு ஒப்பாது. ஆனால் எழுதிய இடத்தை நினைத்தால் வேறொன்று தோன்றுகிறது. வேலையை விட்டுவிட்ட ஒருத்தி, கை ஈரத்தோடு, வேலையை விட்டதைப் பற்றியே வேலை செய்துகொண்டிருக்கிறாள். சில ஆண்டுகளிலேயே அவர் மேடைக்குத் திரும்பினார். 1951இல் மணமுறிவு. அதன் பிறகு செய்துகொண்ட மூன்று திருமணங்களும் நிலைக்கவில்லை. அவற்றை வரிசையாகச் சொல்லிப் பரிதாபப்படும் கட்டுரைகள் நிறைய உண்டு. எனக்கு அதில் ஆர்வமில்லை.

அவரைப் பாடகி என்று மட்டும் சொல்லும் பழக்கம்தான் என்னை உறுத்துகிறது. அவர் பாடலாசிரியர். ‘ஃபீவர்’ 1956இல் லிட்டில் வில்லி ஜான் பாடிய பாட்டு. எழுதியவர்கள் எடி கூலியும், வேறு பெயரில் எழுதிய ஓட்டிஸ் பிளாக்வெல்லும். 1958இல் பெகி லீ அதை எடுத்து, வாத்தியங்களைக் களைந்து, ரோமியோ ஜூலியட், போகஹான்டஸ் வரும் புதிய சரணங்களைத் தானே எழுதிச் சேர்த்தார். 1960இல் எல்விஸும் 1992இல் மடோனாவும் பாடியது அந்தச் சரணங்களோடுதான். அவற்றுக்கு அவர் பெயரில் உரிமை பதிவாகவில்லை. முன்பு இதைச் சொல்லிக் கோபப்பட்டிருக்கிறேன். இப்போது அவ்வளவு எளிதாகக் கோபம் வருவதில்லை. அந்தப் பணம் போனது கறுப்பினப் பாடலாசிரியர்களுக்கு. முதலில் பாடிய வில்லி ஜான் 1968இல் சிறையில் இறந்தார். அநியாயம் இங்கே ஒரே வரிசையில் நிற்கவில்லை.

பேனா அவர் கையில் இருந்தபோது அவர் பிறரை எப்படி எழுதினார் என்பதையும் பார்க்க வேண்டும். பார்பரோடு சேர்ந்து எழுதி 1948இல் முதலிடத்தில் நின்ற ‘மன்யானா’, மெக்சிகோக்காரர்களைச் சோம்பேறிகளாக்கி அவர்களுடைய உச்சரிப்பைப் பழித்துக் காட்டும் பாட்டு. டிஸ்னியின் ‘லேடி அண்ட் த டிராம்ப்’ படத்துக்குச் சானி பர்க்கோடு சேர்ந்து எழுதி, தானே பாடிய சயாமியப் பூனைகளின் பாட்டு ஆசியர்களைக் கேலி செய்வது. வேடிக்கைதானே, காலம் அப்படி என்று நழுவிவிடலாம். ஆனால் சொந்தக் குரலின் ஒவ்வோர் இழையையும் எடைபோட்டவர், அடுத்தவர் குரலை இவ்வளவு அலட்சியமாகக் கையாண்டிருக்கிறார். அவரை நாயகியாக்கிக் கொண்டாடும்போது நான் தயங்குவது இந்த இடத்தில்தான்.

1983இல் தன் வாழ்க்கையைப் பற்றி ‘பெக்’ என்ற நிகழ்ச்சியை பிராட்வேயில் அரங்கேற்றினார். சிற்றன்னையிடம் வாங்கிய அடியைப் பற்றி அதில் ஒரு பாட்டு, கலிப்சோ தாளத்தில். நாளுக்கு ஓர் அடி என்று துள்ளலாகப் பாடினார். விமர்சகர்களுக்குப் பிடிக்கவில்லை. சில காட்சிகளிலேயே நிகழ்ச்சி நின்றுபோனது. அடிபட்டதை அழுது சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். சிரித்த முகத்தோடு, தாளம் தவறாமல் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த நிகழ்ச்சி நல்ல கலையாக இருந்திருக்காது என்றே எண்ணுகிறேன். இருந்தாலும் அறுபது வயது கடந்த ஒரு பெண் அந்த மேடையில் அப்படிப் பாடியதை மறக்க மனம் வரவில்லை.

அடுத்து வந்தது வழக்கு. ‘லேடி அண்ட் த டிராம்ப்’ 1955இல் வெளியான படம். பாடல்களோடு, பெக் என்ற நாய் உட்படச் சில பாத்திரங்களுக்கும் அவரே குரல் கொடுத்தார். அந்த நாய்க்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1987இல் படத்தை வீடியோ கேசட்டாக வெளியிட்டு டிஸ்னி பெரும் பணம் பார்த்தது. ஒலிப்பதிவுகளையும் அவற்றின் பிரதிகளையும் பொதுமக்களுக்கு விற்கும் உரிமை தன்னிடமே இருக்கும் என்று ஐம்பதுகளின் தொடக்கத்தில் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 1988இல் நீதிமன்றம் போனார். அந்தக் காலத்தில் வீடியோ கேசட்டே இல்லையே என்றது நிறுவனம். 1991இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. கிடைத்தது 23 லட்சம் டாலர். பாடகிகள் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட ஒரு வாசகம், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்து வேலை செய்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. டெக்கா நிறுவனத்துக்குப் பாடிய பழைய கலைஞர்களுக்கு ராயல்டி குறைத்துக் கொடுக்கப்பட்டது என்று அவர்கள் எல்லோர் சார்பிலும் முன்னின்று வழக்குப் போட்டார். 2002 ஜனவரியில் அது 47.5 லட்சம் டாலருக்குச் சமரசத்தை எட்டியது. அதே மாதம் 21ஆம் தேதி கலிபோர்னியாவில் தம் வீட்டில் இறந்தார்.

லில் கிரீன் அந்தப் பாட்டைப் பதிவுசெய்தது டெக்காவுக்காக அல்ல, புளூபேர்டுக்காக.