சாஹிர்: இறங்கியது சொல்லா, கருத்தா?

“சினிமாவுக்குப் போனவனெல்லாம் கவிஞனா, சேர்?” உடுவிலில் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். எனக்கு சாஹிர் லுதியான்வி (1921–1980) நினைவுக்கு வந்தார்.

‘தல்கியான்’ தொகுப்பில் விலைமாதர் தெருவைப் பாடிய அவருடைய ‘சக்லே’ கவிதை, 1957இல் ‘பியாசா’ படப் பாடலானது. பல்லவியின் கனத்த பாரசீகச் சொற்களை எடுத்துவிட்டு, தெருவில் நிற்பவனுக்கும் விளங்கும் சொற்களை வைத்தார். மூலத்தின் கம்பீர ஓசை போனது உண்மைதான். ஆனால், கீழைத்தேயப் புனிதம் பேசுவோரைக் கேட்ட கேள்வி, இப்போது நாட்டைப் பெருமை பேசுவோரை நேரே கேட்டது. சுதந்திரம் கிடைத்துப் பத்தே ஆண்டில் அது லேசுப்பட்ட காரியமா?

நம் கவிஞர் பாட்டெழுதப் போனதும் முகஞ்சுளிக்கிறோம். இறங்கியது சொல்லா, கருத்தா என்று பார்த்தல்லவா தீர்ப்புச் சொல்ல வேண்டும்? சாஹிரிடம் இறங்கியது சொல் மட்டுமே.