வடக்குச் சூனியக்காரியின் தொப்பி

அமெரிக்க எழுத்தாளர் பாம் எழுதிய ஓஸ் கதைகளின் ரசிகர்களில் பெரும்பாலோர், தெற்கின் நல்ல சூனியக்காரி கிளிண்டாவின் கட்சி. மாணிக்கச் சிம்மாசனமும், உலக நடப்பெல்லாம் தானே பதிவாகும் பேரேடும் யாரையும் மயக்கும். என் ஓட்டு, 1900இல் வந்த முதல் நூலின் இரண்டாம் அத்தியாயத்தில் சற்றே தலைகாட்டும் வடக்குச் சூனியக்காரிக்குத்தான். முகமெல்லாம் சுருக்கம், நரைத்த தலை, விறைத்த நடை. கிரிம் சகோதரர்களின் கதையில் குழந்தைகளை அடுப்பில் தள்ளப் பார்க்கும் கிழவிக்கும் இதே முதுமைதான். இங்கே அதில் கொடுமை இல்லை. கதை நாயகியான சிறுமி டோரதிக்கு வழி தெரியாதபோது இந்தச் சூனியக்காரி தன் கூர்த்தொப்பியைக் கழற்றி மூக்கு நுனியில் நிறுத்தி மூன்று எண்ணுகிறாள். தொப்பி சிலேட்டாகிறது, போகவேண்டிய ஊர் அதில் சாக்பீஸ் எழுத்தில் இருக்கிறது. காலங்காலமாகக் குழந்தைகளை மிரட்டிய தொப்பி, அறிவைத் தரும் பலகையாகிவிட்டது.

இந்த மாற்றத்துக்கு வித்திட்டவர் பாமின் மாமியார் மட்டில்டா ஜாஸ்லின் கேஜ். பெண்ணுரிமைப் போராளிகள் ஸ்டான்டன், ஆன்டனி ஆகியோரோடு பெண் வாக்குரிமை வரலாற்றைத் தொகுத்தும், அவர்கள் அளவுக்குப் பேசப்படாதவர். மகள் மாட் 1882இல் பாமை மணந்தபின் அவர்கள் வீட்டில் நீண்ட காலம் தங்கியவர். 1898இல் சிகாகோவில் அங்கேயே இறந்தவர். சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் அக்காலத்தின் அறிவுள்ள பெண்கள், திருச்சபை அஞ்சியது அவர்கள் அறிவுக்கே என்று 1893இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவர் சொன்ன 90 லட்சம் என்ற பலிக்கணக்கை இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. அவர்கள் மதிப்பீடு ஏறத்தாழ 40,000 முதல் 60,000 வரை. கணக்கு பிழைதான். ஆனால் சூனியக்காரி என்ற பட்டத்தைச் சூட்டியது யார், எதற்காக என்று அவர் எழுப்பிய கேள்வி கதைக்குள் பலித்தது.

நல்ல தேவதைகள் பழைய கதைகளிலும் உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் அவர்கள் தேவதைகள். பாமின் கிழவியோ தன்னைச் சூனியக்காரி என்றே சொல்லிக்கொண்டு, நல்லவள் என்றும் சொல்கிறாள். 1904இல் வந்த இரண்டாம் நூலில் தளபதி ஜின்ஜரின் பெண்படையைப் பாம் கேலி செய்தாரே என்பது வலுவான மறுப்பு. கேலி உண்மை. ஆனால் ஜின்ஜரை வீழ்த்துவது கிளிண்டாவின் பெண்படை. அரியணை ஏறுவதும் ஓஸ்மா என்ற பெண். மந்திரவாதியோ முதல் நூலிலேயே வெறும் வித்தைக்காரன் என்று அம்பலமானவன். மாமியாரின் தாக்கத்துக்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை.

என் வருத்தம் 1939 திரைப்படத்தின் மேல். அது வடக்குக் கிழவியை நீக்கி, அவள் இடத்தில் கிளிண்டாவைப் பளபளக்க நிறுத்தியது. கெட்ட சூனியக்காரிகள்தான் அழகற்றவர்கள் என்று வசனமும் வைத்தது. பச்சை முகத்து மேற்குச் சூனியக்காரி உலகப்புகழ் பெற்றாள். பின்னால் வந்தவர்கள் அந்தப் பச்சை முகத்துக்கு நியாயம் தேடிப் பல கதைகள் எழுதிவிட்டார்கள். வயதான, அழகில்லாத, அறிவுள்ள நல்ல சூனியக்காரியை மீட்க, எனக்குத் தெரிந்து ஒரு பெரிய முயற்சியும் இல்லை. கேஜுக்குச் செய்யவேண்டிய மரியாதை அங்கேதான் பாக்கியிருக்கிறது.