காசியில் ஒரு தமிழ் இளைஞர்

கவிஞர் ஒருவரின் வாழ்வைத் திரைக்குக் கொணர்வோர்க்கு இரு வழிகள் உண்டு. பிறப்பு முதல் இறப்பு வரை அனைத்தையும் சொல்லுவது ஒன்று. கவியுள்ளம் உருவான சில ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஆழ்ந்து நோக்குவது மற்றொன்று. ஞான ராஜசேகரன் இயக்கத்தில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த 'பாரதி' முதல் வழியைத் தேர்ந்த படம்.

அதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே உடன் செல்லும் இறுதி ஊர்வலத்தில் கதை தொடங்குகின்றது. புகழ்பாடுதல் நோக்கமன்று என்பது அங்கேயே விளங்கிவிடுகின்றது. மராட்டிய நடிகர் சாயாஜி ஷிண்டே பாரதியாகவே தோன்றுகின்றார். ஆயினும், முழு வாழ்வையும் மூன்று மணி நேரத்துக்குள் அடக்க முற்பட்டதால், காசி வாழ்க்கை விரைந்து கடந்துவிடுகின்றது. படத்தின் பெருங்குறை இதுவே எனலாம்.

இரண்டாம் வழியில் சென்றவர் வால்டர் சாலெஸ். அமெரிக்க 'பீட்' தலைமுறை எழுத்தாளர் ஜாக் கெருவாக் 1957இல் வெளியிட்ட 'ஆன் தி ரோட்' நாவலை அவர் 2012இல் படமாக்கினார். ஊர் ஊராக அலைந்த இளமையே அதன் பொருள். கெருவாக்கின் தோழர் ஆலன் கின்ஸ்பெர்க் அமைதி தேடிக் காசியில் தங்கியது 1962-63இல். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அந்நகரில் அலைந்தவர் பாரதி.

தந்தையை 1898இல் இழந்த அவர், அத்தை வீட்டை நாடிக் காசி சென்றார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அங்கே வாழ்ந்து வடமொழி, இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றைக் கற்றார். தலைப்பாகையும் மீசையும் அங்கு அவர் கொண்ட கோலமே. பிற மொழிகளின் நடுவே அலைந்த அந்த இளைஞர் தமிழை விட்டு விலகினாரல்லர், தமிழுக்கே திரும்பினார். 1904இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராகவும் விளங்கினார்.

சிங்கப்பூர் மாணவர்க்கு வேண்டியது இந்தப் பாரதியே அன்றோ? சிராங்கூன் சாலையில் தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கடக்கும் சிறுவன், அடுத்த தெருவில் சீனமும் மலாயும் ஆங்கிலமும் கேட்கின்றான். பல மொழி கற்றால் தாய்மொழி தேயும் என்ற அச்சத்துக்குக் காசியே விடை. மேடைப் போட்டிக்குத் தலைப்பாகை கட்டிவிடும் ஆசிரியர், அத்தலைப்பாகை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லித்தருதல் வேண்டும். காசி ஆண்டுகளை மட்டும் சொல்லும் படமொன்று வருமாயின், அது பாரதிக்குச் செய்யும் சிறப்பு மட்டுமன்று. இம்மாணவர்க்குச் செய்யும் உதவியுமாகும்.